அம்மாவின் கையளவு

மலேசியாவின் ஜொகூர் பாருவில் பொறியியல் படிக்கும் ரூபினி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு மிட்டாய் மட்டும் விழும் கைக்கருவியொன்றைப் பாடச் செயல்திட்டத்துக்காக வடிவமைத்தாள். அதைப் பயன்படுத்திப் பார்ப்பவராகத் தன் தாயார் தேன்மொழியின் பெயரையே எழுதிக்கொடுத்திருந்தாள். கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே தங்கியிருந்த தாயார் வீட்டுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

“ஞாயித்துக்கிழமை வாங்கம்மா. உங்க கைய அளக்கணும்,” என்றாள் தொலைபேசியில்.

“அலமாக்! இதுக்கா பாலம் தாண்டி வரணும்? உன் கைய அளந்துக்கோ லா. உன் வளையல்தானே எனக்கும் சேருது?”

அது ரூபினிக்கும் தெரியும். தன் கையை அளந்துதான் கருவியின் பிடியை முன்தினமே செய்து முடித்திருந்தாள். அது கச்சிதமாகவும் அமைந்திருந்தது.

“இல்லம்மா, சரியா வரல. உங்க கைதான் வேணும்.”

மறுமுனையில் நாள்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சரி, லீவு கேட்டுப் பாக்குறேன்.”