துடைத்த கண்ணாடி

என் மகளின் சிறுவயதுக் கதைகளைப் பேரப்பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. இந்த வயதில் எழுதியாவது வைக்கிறேன்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். எங்கள் நிலத்தையும் கேட்டிருந்தார்கள்; விற்பனைப் பத்திரத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஓவியக் கல்லூரியில் படித்த என் மைத்துனி எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி அச்சுப்படங்கள் செய்துவந்தாள். பானை ஓடு, கல் ஆயுதம் என்று பழங்காலப் பொருள்கள்தான் அவளுக்கு எல்லாம். கண்ணாடிப் பலகையில் கறுப்பு மையை உருட்டி, பொருளை அதில் அழுத்தி எடுத்து, கண்ணாடியில் விழுந்த தடத்தின் மேலே ஈரக் காகிதத்தைப் போர்த்தித் தேய்ப்பாள். ஒரு தடவைக்கு ஒரே படம். அதோடு மை போய்விடும். மிச்சத்தைக் கிரசினால் துடைப்பது என் மகளின் வேலை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

நான் பள்ளிக்கு லீவு போட்டு நிலத்தில் அளவுக்கல் நடக் குழி தோண்டியபோது ஒரு முழுப் பானை கிடைத்தது. அதன் கழுத்தைச் சுற்றி ஏணி போலவும் மீன் போலவும் கீறல்கள். மைத்துனி அதை மையிட்ட கண்ணாடியில் மெதுவாக உருட்டினாள். கீறல்கள் அப்படியே விழுந்தன. காகிதம்தான் தீர்ந்துபோயிருந்தது.

“மெட்ராஸ் போய் பேப்பர் வாங்கியாந்துடறேன் மாமா. சாயந்தரம் படம் எடுத்துட்டா நாளைக்கு பானையோட மியூசியத்துல காட்டிடலாம்.”

“காட்டினா பத்திரம் நின்னுடும்மா.”

“நிக்கட்டும். நெலம் எங்க ஓடிடப் போவுது? வரலாறு வாத்தியார் பேசற பேச்சா இது?”

சிரித்துக்கொண்டே சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயில் பிடிக்கப் போனாள்.

அவள் போனதும் பானையைக் கொண்டுபோய் அதே குழியில் போட்டுக் கடப்பாறையால் உடைத்து மண்ணைத் தள்ளினேன். மிஞ்சியது கண்ணாடி. இரண்டு முறை துணியை எடுத்தேன். இரண்டு முறையும் கீழே வைத்தேன். நாலரை மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள்.

“சித்தி கண்ணாடிய தொடைக்காம போயிட்டா, பாரு,” என்றேன்.

அவள் படங்களைக் காயப்போடும் பின்னறைக் கொடியைப் பார்த்தாள். “படம் எங்கப்பா? கொடியில காணோமே.”

“எடுத்துகினு போயிட்டா.”

“ஈரத்தோடயா?”

“தொடைம்மா.”

துடைத்தாள். நான் வாசலில் நின்றேன். வந்து நின்ற ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தேன்.

மைத்துனி காகிதச் சுருளோடு வந்து நேராகப் பின்னறைக்குப் போனாள். மகள் கூடவே ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

“மூணு தபா தொடச்சேன் சித்தி. மூஞ்சி பாக்கலாம்.”

குழந்தையின் தலைக்கு மேலாக மைத்துனி என்னைப் பார்த்தாள்.

“பானை எங்க மாமா?”

அவள் குனிந்து, “நல்லா தொடச்சிருக்கடி கண்ணு,” என்று சொல்லி, மகளின் விரல்களில் ஒட்டியிருந்த மையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

காலையில் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். கண்ணாடியை எடுத்துப்போகவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவும் இல்லை.

பத்திரம் முடிந்த வாரத்தில் மகள் என்னிடம் வந்து நின்றாள்.

“நான் சரியா தொடைக்கலன்னுதான் சித்தி கோச்சிகினு போயிட்டாங்களாப்பா?”

இல்லை என்றால் அடுத்து ஏன் என்று கேட்பாள்.

“ஓரத்துல கொஞ்சம் மை இருந்துச்சும்மா,” என்றேன்.

அவள் கிரசின் டப்பாவையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.