சொந்தப் பூட்டு

எனக்கு வேண்டியிருந்தது இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் நான் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. யாராவது சமைத்து, யாராவது இலை போட வேண்டும். நான் உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்து போக வேண்டும். கோயம்புத்தூரைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் குடியிருந்தோம். விடியுமுன் பால் கறக்க வேண்டும், அப்புறம் வேலையாட்களுக்குச் சோறு, மாட்டுக்குத் தண்ணீர், மறுபடியும் சோறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் வெளியூர் போனதெல்லாம் விசேஷத்துக்கும் எழவுக்கும்தான். அங்கேயும் போய்ச் சேர்ந்த கையோடு தேங்காய் துருவ உட்காரவைத்துவிடுவார்கள்.

ஒருவழியாகக் கணவர் சம்மதித்தார். ஆனால் உறவுக்காரர் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினால் அவர்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியதற்குச் சமம். காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். கோயம்புத்தூரிலோ எங்கள் சொந்தபந்தம் இல்லாத திக்கே கிடையாது. அதனால் திருடப் போகிறவர்கள் போலத் திட்டம் போட்டோம். எங்களிடம் தேங்காய் வாங்க வரும் உக்கடத்து பாய்தான் யோசனை சொன்னார். காந்திபுரத்தில் இறங்கினால் உங்கள் ஆட்கள்தான் எதிரே வருவார்கள், உக்கடம் பக்கம் வாடகை குறைந்த லாட்ஜ் இருக்கிறது, கடை வீதிக்கு நடந்தே போய்விடலாம் என்றார்.

"சோப்பு, போர்வை கொண்டு போயிருங்க. முக்கியமாச் சொந்தப் பூட்டு. லாட்ஜுப் பூட்டுக்கு எத்தனை சாவி ஊருக்குள்ள சுத்துதுன்னு லாட்ஜுக்காரருக்கே தெரியாதுங்க."

எங்கள் திட்டம் இதுதான்: காலையில் கடைகளை வேடிக்கை பார்ப்பது, வேடிக்கைக்குக் காசு வேண்டியதில்லை. மத்தியானம் அளவுச் சாப்பாடு, அப்புறம் ஒரு சினிமா, ராத்திரி புரோட்டா. டவுன் பஸ் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை. பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டேன். பூட்டை நானே சந்தையில் பார்த்து வாங்கிப் பைக்குள் அடியில் போட்டேன்.

புறப்படும் காலையில் பார்த்தால் கணவர் சாக்கில் தேங்காய் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, லாட்ஜுக்கு எதுக்குங்க தேங்காய்?"

"தோட்டத்துல இருந்து கோயமுத்தூருக்கு வெறுங்கையோடவா போறது? துடியலூர்ல அக்கா ஊட்டுல குடுத்துப்போட்டு உடனே கெளம்பிரலாம், அம்மணி."

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. யாருக்குத் தெரியக் கூடாதென்று ஒளிந்து போகிறார்களோ, அவர்கள் வீட்டுக்கே மூட்டை சுமந்துகொண்டு போவார்கள். வந்த கோபத்தோடு சாக்கின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

துடியலூரில் இருந்தது அவருடைய பெரியப்பா மகள். நாத்தனாரை நாங்கள் நங்கையா என்போம். வீட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை. பட்டறை ஆட்களுக்கும் அந்த வீட்டு அடுப்பில்தான் சோறு. நான் செருப்பைக் கழற்றுமுன் நங்கையாவின் வீட்டுக்காரர் எங்கள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

"வராதவங்க வந்திருக்கறீங்க. ரெண்டு நாள் இருக்காம உட்டுருவமா?"

கணவர் என் பக்கம் திரும்பாமலே, "சரிங்க மாமா" என்றார்.

இரண்டு நாளும் சமைத்தேன். யாரும் சொல்லவில்லை. நங்கையா தனியாக அடுப்பில் வேகும்போது விருந்தாளியாக உட்கார்ந்திருக்க உடம்பு கூசியது. ஆண்கள் பட்டறையில் புது மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் கோயம்புத்தூர் பார்த்தது சமையலறை ஜன்னல் வழியாகத்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற பஸ்களில் ஒன்றில் ஏறிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், என் சேலையைத் துவைத்துப் போடுகிறேன் என்று நங்கையா பையைத் திறந்தார். சேலையோடு பூட்டு வந்து தரையில் விழுந்தது. பைக்குள் போர்வை, சோப்பு. உறவு இத்தோடு முறிந்தது என்றே நினைத்தேன்.

"லாட்ஜுக்கா கண்ணு?"

பொய் சொல்ல மனமில்லை. "ஆமாங்க நங்கையா. ரெண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகாம இருக்கலாம்னுங்க."

அவர் பூட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்க ரூம்ல ரெண்டு கட்டில் இருக்குமா? அடுத்த தடவை நாம ரெண்டு பேரும் போலாம். நான் உங்க ஊட்டுக்குப் போறேன்னு இங்க சொல்லிப்போடறேன். நீ எங்க ஊட்டுக்குப் போறேன்னு அங்க சொல்லிப்போடு. ஆருக்குத் தெரியும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என்னைவிடக் களைத்துப்போன முகம். பூட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து, பைக்குள் பழைய இடத்திலேயே வைத்தார்.

ஆடித் திருவிழாவுக்கு நங்கையா அந்தியூர் வந்தார். தனியாக இல்லை; வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லோரும். ஆண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவிழாவோடு நடக்கும் குதிரைச் சந்தை பார்க்கப் போனார்கள். எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு நங்கையா அடுப்படியிலேயே இருந்தார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று, எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தானும் ஏறப்போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"பூட்டு பத்திரமா இருக்குதா கண்ணு?"

"எண்ணெய் போட்டு வெச்சிருக்கறனுங்க நங்கையா."