ஜெகனின் ஐந்து வருஷ ஒப்பந்தம்

கூடைப்பந்து அணிக்கு மேனேஜர் என்றால் ஆட்டம் பார்ப்பது கொஞ்சம்தான். கையெழுத்து வாங்குவதும், வாங்கிய கையெழுத்துக்காக முழிப்பதும்தான் அதிகம். ஜிம் சந்தாவோ வேலை ஒப்பந்தமோ, நீண்ட காலத்துக்கு எதிலாவது கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கையெழுத்து

ஜெகன் ஊரப்பாக்கத்துக்காரன். எங்கள் தாம்பரம் அணியில் அவனுக்கு ஒரே வேலை: எதிரணியில் நன்றாக ஆடுகிறவனை ஒட்டிக்கொண்டே நின்று, கூடை போடவிடாமல் செய்வது. அவனே கூடை போட்டால் அதிசயம். அந்த வருஷம் நாங்கள் கோப்பை வாங்கியதற்கு அவன் பெரிய காரணம். வேறு அணிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று முதலாளி பயந்தார். ஐந்து வருஷத்துக்கு எழுதச் சொன்னார்.

காகிதங்களோடு ஜெகன் வீட்டுக்கே போனேன். அவன் பேனா தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி கவிதா எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுக் கேட்டாள்: "இவரை ஆட விடுற கோச்சும் அஞ்சு வருஷம் இருப்பாரா, சார்?"

முந்நூறு பந்து

கோச் அடுத்த வருஷமே போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு, களத்தில் நிற்கிற ஐந்து பேரும் தூரத்திலிருந்து கூடை போட வேண்டும். ஜெகன் பெஞ்சில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. தினமும் விடிந்ததும் பெருங்களத்தூர் மைதானத்தில் முந்நூறு பந்து எறிந்து பழகினான். மூன்று மாதத்தில் தோள் வீங்கியதுதான் மிச்சம். மைதானத்து வாட்ச்மேன் என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: "சார், அந்தப் பந்து வளையத்தைத் தவிர எல்லாத்தையும் தொட்டுகினு கீது."

காரில்

அவனை வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொன்னார் முதலாளி. நான்கு அணிகளுக்குப் போன் போட்டேன். ஒரு சீசனுக்கு என்றால் சரி என்றார்கள். மீதி மூன்று வருஷத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள யாருக்கும் துணிவில்லை. இதை ஜெகனிடம் சொல்வதற்காகவே அன்று அவனை என் காரில் ஏற்றிக்கொண்டேன். பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நின்றபோது சொல்லி முடித்தேன். அவன் சொன்னான்: "எனக்கு முப்பது ஆகுது சார். இன்னும் மூணு வருஷம் உட்கார்ந்தேன்னா, எந்திரிக்கும்போது ஆட்டக்காரனா இருக்க மாட்டேன்."

எதிரணியில்

அதன் பிறகு, ஒப்பந்தத்திலிருந்து அவனை விடுவிக்கச் சொல்லி இரண்டு மாதம் முதலாளியைத் துளைத்தெடுத்தேன். கடைசியில் இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம். ஜெகன் கோயம்புத்தூர் அணியில் சேர்ந்தான். ஒரே ஒரு வருஷத்துக்கு, அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

அடுத்த சீசனில் எங்களுக்கு எதிராகவே இறங்கினான். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரனால் முதல் பாதி முழுக்க ஒரு கூடைகூடப் போட முடியவில்லை. தோற்கிறோமே என்று கவலைப்பட வேண்டிய நான், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்களுக்கு மூன்றாவது கோச் வந்திருந்தார். அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "இந்த மாதிரி ஒரு ஆள் நம்மகிட்ட ஏன் சார் இல்ல?"

ஆக, ஜெகன் மாதிரி ஒருவனை நாங்கள் ஆடவும் விட மாட்டோம், போகவும் விட மாட்டோம், போன பிறகு மட்டும் தேடுவோம்.