நாட்ச் விளிம்பும் கால் கிலோ கோழிக்கறியும்

கம்பெனிக்கு அனுப்பிய முதல் லாட் சரக்கு திரும்பி வந்த அன்று எங்கள் முதலாளி டீ குடிக்கவில்லை. அவர் டீயைத் தொடாத நாளில் பட்டறையில் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பார்ட்ஸ் செய்தே வளர்ந்த மனிதர். மூட்டு ஆபரேஷன் கருவிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூப் வெட்டித் தரலாம் என்று நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தவள் நான். இன்ஸ்பெக்‌ஷன் என் பொறுப்பு. இந்த ஆர்டர் போனால் செக்‌ஷனையே மூடிவிடுவார். எனக்கும் என்னோடு இருந்த இரண்டு பெண்களுக்கும் வேலை இருக்காது.

டியூப் நுனியில், பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அதுதான் நாட்ச். உள்ளே இன்னொரு டியூப் சுழலும்போது சதை அந்த விளிம்பில் மாட்டி அறுபடும். விளிம்பில் உலோகப் பிசிறு இருந்தால் அது உடைந்து நோயாளியின் மூட்டுக்குள்ளேயே தங்கிவிடலாம். எங்கள் டியூப்களில் பிசிறு இருந்தது.

"பிசிறுன்னு இனி ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது அம்மிணி" என்றார் முதலாளி. எலக்ட்ரோபாலிஷ் தொட்டியில், மின்சாரம் உலோகத்தை மேலாகக் கரைக்கும். அதில் டியூப்களை வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டோம். பளபளவென்று வந்தன. பஞ்சால் தேய்த்தேன், ஓர் இழைகூட மாட்டவில்லை.

ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து இன்ஜினியர் மேடம் நேரில் வந்தார்.

"பிசிறு இருந்தா காட்டுங்க மேடம், மீசைய எடுத்துடறனுங்க" என்றார் முதலாளி.

மேடம் லென்ஸில் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "எலும்பில்லாம கால் கிலோ கோழிக்கறி கிடைக்குமா?" என்றார். நாமக்கல் மாவட்டத்தில் கோழிக்கா பஞ்சம்?

தான் கொண்டுவந்த கருவியில் எங்கள் டியூபை மாட்டிக் கறியில் வைத்து ஓட்டினார். அறுபடவில்லை. சதை நார் நாராகச் சுற்றிக்கொண்டது.

"பிசிறு இல்ல சார். ஆனா கூரும் போயிடுச்சே. இதை வெச்சு டாக்டர் என்ன பண்ணுவார்?"

தொட்டியில் அதிக நேரம் விட்டதில் விளிம்பே மழுங்கியிருந்தது. முதலாளி மீசையைத் தடவியபடி, "இன்னொருக்கா பண்ணித் தரட்டுங்களா?" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றார் மேடம்.

பிசிறை எப்படி எடுப்பது என்பதை விட்டுவிட்டு, அது வராமல் எப்படி வெட்டுவது என்று அப்போதுதான் யோசித்தோம். டியூபுக்குள் பித்தளைக் கம்பியை இறுக்கமாகச் செருகி, இரண்டையும் சேர்த்தே நாட்ச் போட்டோம். பிசிறு உள்பக்கம் மடங்க இடமில்லை. கம்பியை உருவிவிட்டு, தொட்டியில் லேசாகக் காட்டி எடுத்தாலே போதும் என்றானது. மேடம் வருவதற்கு முன்பே, அவர் விட்டுப்போன கருவியில் டியூபை மாட்டி, கறி வாங்கி நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சுத்தமாக அறுந்தது. அழுதுவிட்டேன்.

மேடமும் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆர்டர் எங்களிடமே தங்கியது. அந்த இரண்டு பெண்களும் இன்றும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிசிறு இல்லை என்று பார்த்ததோடு கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். அறுக்கவேண்டிய பொருளை அறுக்க வைத்துப் பாருங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு லாட்டுக்கும் தவறாமல் கால் கிலோ கறி வாங்குகிறோம். "ஊட்டுல மறுபடியும் விருந்துங்களா?" என்று கறிக்கடைக்காரர் முதலாளியைக் கேலி செய்வாராம்.

முதலாளி சுத்த சைவம். ஆனாலும் கறி வாங்கக் கடைக்குப் போவது அவரேதான்.