சார்ஜன் முன்னால் ஒரு களி உருண்டை

போன வாரம் கோலா சாவா பக்கம், என் மைத்துனர் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ரப்பர் தோட்டத்தில் தங்கியிருந்தேன். மலாயா முழுதும் அவசரகாலம் அல்லவா... காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். வீட்டில் ஒரு பிடி தானியம் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுச் சமையல். அதுவும் மதியம் வெள்ளைச் சோறு மட்டும்.

விடியலில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார்கள். கேட்டில் சோதனை வேறு!

அன்று கேட்டில் பாப்பாத்தி என்ற கைக்குழந்தைக்காரி என்னைப் பார்த்ததும் நகராமல் நின்றாள்.

"தொரை, சார்ஜன்கிட்ட சொல்லுங்க. பால் வத்திப்போச்சு. புள்ள கத்திக்கிட்டே கெடக்குது. கேவுருக் களி கிண்டித் தரச் சொல்லுங்க."

சோதனை போடும் மலாய்க்கார போலீஸ் சார்ஜனிடம் மலாயில் சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். சோறு மாலைக்குள் ஊசிவிடும், யாரும் கடத்த முடியாது. இந்தக் கேழ்வரகுக் களி மறுநாள்வரை கெடாதே?

"இங்கேயே அவர் கண்ணு முன்னாடி முழுங்கறேன்லா! வாயையும் தெறந்து காட்டறேன்!"

சார்ஜனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

மறுநாள் விடியலில் பொதுச் சமையல்கட்டிலிருந்து ஆவி பறக்கக் களி வந்தது. கருங்கல் மாதிரி உருண்டை. பாப்பாத்தி குழம்பில் தோய்த்தாள்; விழுங்கினாள். மெல்லவே இல்லை!

நானும் ஓர் உருண்டை வாங்கினேன். மென்றேன். மேல்பல் கீழ்ப்பல்லை விடவில்லை.

"ஐயோ தொரை, களியை யாராச்சும் மெல்லுவாங்களா? பேப்பர்ல எழுதறவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

விரலை விட்டுத்தான் பல்லைப் பிரித்தேன்!

ஆனால் பாருங்கள்... தினமும் ரொட்டியும் ஜாமும் தின்று பத்து மணிக்கே கண் இருண்டுபோகிற ஆள் நான். அன்று மதியம்வரை பசி என்ற நினைப்பே இல்லை. நகரத்தில் நாம் என்ன செய்கிறோம்? தவிட்டையெல்லாம் மில்லில் தீட்டி எறிந்துவிட்டு, பளபளவென்று வெள்ளையாகத் தின்றுவிட்டு, டானிக் வாங்க ஓடுகிறோம்!

வாரக் கடைசியில் ஒரு மதியம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்கொட்டகைப் பக்கம் போனேன். ஆயாவிடமிருந்து குழந்தையை வாங்கி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள் பாப்பாத்தி. அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில், கடைவாயில் பால் வழிய, பயல் தூங்கிப்போனான்.

"இப்ப போதும் போதும்னு தள்ளுறான் தொரை," என்றாள்.

காலையில் கறுப்பாக உள்ளே போனது, மதியம் வெள்ளையாக வருகிறதே... இந்த வேலையைச் செய்ய எந்த ஊரில் மில் இருக்கிறது, சொல்லுங்கள்?