கால் வைத்த இடமெல்லாம்

பெனுவைத்தித் தீவின் இளவரசர் தெராய்மனோவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனால் ஊருக்குள் அவர் சொந்தக் காலால் நடப்பதே இல்லை. காலில் குறை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் தேக்குத் தூண் மாதிரி இருக்கும். குறையெல்லாம் வழக்கத்தில்தான். தெராய்மனோவின் பாதம் எதில் பட்டாலும் அது தெராய்மனோவுக்குச் சொந்தம். மண்ணானாலும் சரி, வீடானாலும் சரி, படகானாலும் சரி. பட்டது பட்டதுதான், திருப்பிக் கொடுக்க அவராலேயே முடியாது. அதனால் அவர் ஊருக்குள் வரும்போதெல்லாம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பாதிரிமார்கள் வந்தபோது பழைய சாமிகளைக் கடலில் போட்ட ஜனங்கள், இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. தன் கொல்லையைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அலை வந்து தொட்டுப் போகும் ஈரமணல் ஒன்றுதான் யாருக்கும் சொந்தமில்லாதது. தன் நிலத்தை விட்டால் அங்கே மட்டும்தான் அவர் இஷ்டப்படி நடக்கலாம்.

அந்தப் பெயரும் நிலமும் ஒட்டிப் பிறந்தவை. அவர் பிறந்த அன்றே அவருடைய அப்பா ஊரைக் கூட்டி, தெராய்மனோ என்ற தன் பெயரைத் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். தலைப்பிள்ளை பிறந்ததும் அப்படிச் செய்வதுதான் முறை. நிலமும், கால் பட்டதைச் சொந்தமாக்கும் வழக்கமும் பெயரோடு சேர்ந்து குழந்தைக்குப் போயின. அப்பா அன்று மாலையே தூண்டிலை எடுத்துக்கொண்டு ஊருக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அவர் அவ்வளவு சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம்.

பிள்ளைக்குத்தான் பாடு. ஏழு வயதில் ஒரு பன்றிக்குட்டியைத் துரத்தி ஓடியவர், பக்கத்து வீட்டுச் சேம்பு வயலில் கால் வைத்துவிட்டார். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் உட்கார்ந்து அழுதார். சிறுவனும் கூட உட்கார்ந்து அழுதான். அழுது என்ன பயன்? அந்த மனிதர் சாகும்வரை தன் வயலிலேயே குத்தகைக்காரனாகப் பாடுபட்டார். அவர் மகன் பஹேரோதான் இன்று இளவரசரைத் தூக்குகிறவன்.

"ஒரு பன்னிக்குட்டிக்காக எங்கப்பன் நெலத்தப் புடுங்குன ஆளு. அதுக்கு மேல இந்தப் பொதிய வேற சொமக்கறேன் பாரு," என்பான் பஹேரோ, பொதி தோளில் இருக்கும்போதே.

"கொஞ்சம் மெதுவாப் போடா, குலுங்குது," என்பார் பொதி.

பிரெஞ்சுக்காரர்கள் கொடி ஏற்றிய பிறகு ஆட்சி என்று அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கொடி ஏற்றிய அன்று மாதா கோயிலில், ஊரார் முன்னால் பைபிளின் மேல் கை வைத்து, "தெராய்மனோவின் நிலத்தைத் தொடமாட்டோம்" என்று அவர்களுடைய துரை சத்தியம் செய்திருந்தார். இளவரசர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று போட்டிருந்த தங்கப் பொத்தான் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுச் சூரை மீன் பிடிக்கப் போனார். நன்றாகவே பிடித்தார்.

தினம் மாலையில் அவர் படகு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். பவளப்பாறை வழிவிடும் துறையில், மொயாத்தா என்ற விதவையின் வீட்டுக்கு முன்னால். அவள் அம்மா விட்டுப்போன மண் அது. நாலு சீமைப்பலா மரம், ஒரு குழி அடுப்பு, ஊருக்கே தெரிந்த வாய்.

"மொயாத்தா, என்னைக் கட்டிக்கிறியா?" என்பார், ஒரு மீனை நீட்டிக்கொண்டே.

"கட்டிக்கிட்டு எங்க இருக்கறதாம்?"

"என் வீட்டுக்கு வா."

"எம் மரத்த யாரு பாப்பா?"

"அப்ப உன் வீட்டுலயே இருக்கேன்."

"நீங்க உள்ள கால வச்ச நொடியே அது உங்க வீடு. எங்கம்மா மண்ணுல நான் அண்டிப் பொழைக்கணுமா? வேணாம் ராசா. மீன் நல்லாருக்கு, குடுங்க."

"பஹேரோ என்னைத் தூக்கிக்கிட்டே நின்னா?"

"ராத்திரியுமா?" என்று துடுப்பை விட்டுவிடுவான் பஹேரோ. "சாமி, நான் புள்ளகுட்டிக்காரன்!"

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் மறுநாளும் வருவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரிக் கிடங்கு கட்ட வேண்டுமென்று துரைக்குத் தோன்றியது. அதற்குத் தோதான துறை மொயாத்தாவின் துறைதான். ஒருநாள் காலையில் சிப்பாய்கள் கோடாலியோடு வந்து இறங்கினார்கள். ஊர் ஓடியது, இளவரசரிடம். பஹேரோ அவரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து வேலியோரம் நின்றான்.

மொயாத்தா முதல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள்மேல் இருந்தவரைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினாள். கால் வைத்தால் மரம் பிழைக்கும், அவள் கைவிட்டுப் போவாள். வைக்காவிட்டால் மரமும் போகும், மண்ணும் போகும். சிப்பாய் கோடாலியை ஓங்கினான்.

"இறக்கு."

"அவ வேணாங்கறா, ராசா."

"இறக்குடா!"

இரண்டு பாதமும் மண்ணில் பதிந்தன.

"இது இளவரசர் நெலம்!" என்று கத்தினான் பஹேரோ.

துரை முகம் சிவந்தது. "நேத்து வரைக்கும் இது இந்தம்மா நிலம்."

"நேத்து வரைக்கும் அவரு கால் வைக்கலையே துரை."

ஊரே கொல்லென்று சிரித்தது. சத்தியத்தைக் கேட்டிருந்த சாட்சிகள் ஒன்றிரண்டு பேரா? துரை சுற்றிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், படகேறிப் போனார்.

சிரிக்காதவள் மொயாத்தா ஒருத்திதான். "மரம் பொழச்சுது. நன்றி ராசா," என்றாள். "உங்க வீட்டுலேர்ந்து நான் எப்பக் கெளம்பணும்?"

அந்த வாரம் முழுக்க அவர் மீன்பிடிக்கப் போகவில்லை. சேம்பு வயல் வரப்பில் அழுத மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். அப்புறம் அப்பாவின் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கசங்கிய கோட்டோடு எழுந்து நின்றார்.

"எனக்குப் புள்ள இல்ல. அதனால எம் பேரை நான் விரும்புனவங்களுக்குக் குடுக்கறேன். இன்னையிலேர்ந்து தெராய்மனோ நான் இல்ல. மொயாத்தாதான். அந்தப் பேருக்குள்ள நெலமெல்லாம் அவளுது."

ஒரே கூச்சல். பெண்கள் நாலு பேர் அவளைத் தூக்க ஓடினார்கள்.

"எட்டப் போங்கடி! நான் பாத்து நடப்பேன்," என்று விரட்டினாள். பஹேரோவைத் தேடிப் பார்த்து, "ஒன் அப்பன் வயலு இனிமே எம் பேர்ல. வெளைச்சல்ல ஒரு கிழங்குகூட எனக்கு வேணாம், எடுத்துக்க," என்றாள். பஹேரோ அப்படியே வயலைப் பார்த்து ஓடினான். அவள் ஈரமணல் வழியாகவே வீட்டுக்குப் போனாள்.

பெயரில்லாத மனிதரோ கோயில் படியிறங்கி ஊருக்குள் நடந்தார். ஒவ்வொரு கொல்லையிலும் புகுந்து வெளியே வந்தார். அவரைக் கண்டு யாரும் அலறவில்லை. நாய் ஒன்று மட்டும் குரைத்தது. அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

மாலையில் படகு வழக்கமான இடத்தில் நின்றது. தனியாக வந்திருந்தார். இறங்கி நடந்து போக இனித் தடை இல்லை. ஆனாலும் இறங்கவில்லை.

"மேல வரலாமா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அனுமதி கேட்கிறார்.

மொயாத்தா முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி வந்தாள். படகின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே அழுத்தமாக வைத்தாள்.

"இனி இந்தப் படகு என்னுது."

"படகு மட்டுமா?"

"உள்ள இருக்கற ஆளையும் சேத்துதான்," என்றாள். "மீன எடு, அடுப்பு எரியுது."