அம்மா கழுவிய மழை

வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவளுக்கு அண்ணன் வைத்த பெயர் 'மழை ஆபீசர்'. கல்லூரி விடுமுறையில், நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்கும் ஓர் அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட, சுற்றுவட்டார மாடிகளில் மழைமானி வைத்திருந்தார்கள். ஒன்று அவள் வீட்டு மொட்டைமாடியில். தினமும் காலையில் அளவைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

"மழை பெய்யாத அன்னிக்கு?" என்றான் அண்ணன்.

"பூஜ்யம்னு அனுப்புவேன்."

"சம்பளம்?"

"அதுவும் பூஜ்யம்தான்."

முதல் மழைக்குத் தவம் கிடந்தாள். ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் மாடிக்கு ஓடினால், மழைமானி பளபளவென்று கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. கழுவாத பாத்திரம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

"ஒரே தூசி, எறும்பு வேற மெதந்துச்சு. தேய்ச்சுக் கவுத்துட்டேன். ஆபீசர் சாமானாச்சே!"

"ஐயோ, அம்மா! அதுதாம்மா மழையே!"

"மழை எங்கடி போயிடும்? திரும்ப வரும்."

"பக்கத்துத் தெரு அளவைப் போட்டுடு. வானம் வந்து சாட்சி சொல்லவா போகுது?" என்றான் அண்ணன். அவளுக்கும் சபலம் தட்டியது. பொய் எழுதவா இவ்வளவு படித்தோம் என்று தோன்றவே, உள்ளபடி அனுப்பினாள்: "அளவு இல்லை. அம்மா கழுவிவிட்டார்."

மேற்பார்வையாளர் போனில் அழைத்தார். சிரிப்பை அடக்குவது குரலிலேயே தெரிந்தது. "உண்மையச் சொன்னீங்களே, சந்தோஷம். ஆனா இன்னொரு மழை தவறினா, மானியை வேற வீட்டுக்கு மாத்தணும்மா."

பக்கத்தில் நின்று கேட்ட அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

அடுத்த மழை சாயங்காலம் வந்தது. கடைக்குப் போயிருந்தவள் அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். மாடியில் அம்மா மழைமானியை ஒட்டி நின்று காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதே, ஒரு காக்காயைக்கூடக் கிட்ட விடல!"

கையில் அப்பாவின் பெரிய குடை. அதனடியில் அம்மாவும் மழைமானியும் ஒரு சொட்டு படாமல் நின்றார்கள்.

"அம்மா, குடையை மடக்கு!"

இருவரும் தொப்பலாக நனைந்தபடி, மானியில் தண்ணீர் ஏறுவதைக் குனிந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை அளவோடு ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: "கொஞ்சம் மழை அம்மாவின் குடைமேல் பெய்துவிட்டது."

பதில் உடனே வந்தது: "மானி அங்கேயே இருக்கட்டும். குடையை வேற வீட்டுக்கு மாத்திடுங்க."